மேல்பலகையின் கனம்

மரம் தேய்க்கிற ஆர்பிட்டல் சாண்டர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். அது வீண் கேள்வி. மெஷினைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். நிறுத்திவிட்டு, அதே கையால் ஒரு பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். கையெழுத்து நம்முடையது மாதிரி இருந்தால் வாங்கலாம். கோழி கிளறிய மாதிரி இருந்தால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவது மணிக்கட்டுக்கு நல்லது.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் கூப்பிட்டபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நான்கு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதோடு போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எழுதினால் வரும். நீங்கள் கிதார் ரிப்பேர் செய்கிறவர், நான் மரச்சாமான் தேய்க்கிறவள். இரண்டு பேரும் மரத்தோடு புழங்குகிறவர்கள்தான். சொன்னால் உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"நீங்கதானே மாஸ்டரோட சம்சாரம்? உங்க பொண்ணு ஒரு கிதாரைக் கொண்டாந்து குடுத்துச்சு. கம்பி வந்து முடியுற கட்டையைக் கழட்டிப் பாத்தேன். அதுக்கு அடியில மட்டும் பலகை ரெண்டே முக்கால் மில்லி கனம் இருக்கு. சுத்தி எல்லா எடத்துலயும் ஒண்ணரைதான். இது தேய்மானம் இல்லம்மா. யாரோ உக்காந்து தேச்சிருக்காங்க. வீட்ல பாலிஷ் போடுறது நீங்கதான்னு பொண்ணு சொல்லுச்சு."

"எல்லா எடத்துலயும் ஒண்ணரையா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"ஓரத்துலயும்? சீரா இருக்கா?"

நீங்கள் அதை இன்னொரு தடவை தடவிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "சீராத்தாம்மா இருக்கு," என்றீர்கள்.

அந்த வார்த்தைக்கு நன்றி. அதை நீங்கள் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மத்தியானம் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கெடு வைத்தீர்கள். "சனிக்கிழமைக்குள்ள நீங்களே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா பொண்ணு கிதார் வாங்க வர்றப்போ நான் சொல்ல வேண்டியிருக்கும்." நியாயமான பேச்சு. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மரச்சாமான் ஃபேக்டரியில் பதினேழு வருடமாக ஃபினிஷிங் செக்‌ஷனில் இருக்கிறேன். கடைசி ஆறு வருடமாக அந்தச் செக்‌ஷனுக்கு நான்தான் பொறுப்பு. நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி, எது வெளியே போனாலும் என் விரல் ஒரு தடவை அதன் மேல் ஊர்ந்துவிட்டுத்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு என் விரலுக்குத் தெரியும். அங்கே எனக்குப் பெயரே உப்புத்தாள் அக்காதான். முதலாளிகூட மறந்துபோய் ஒரு தடவை என்னை "உப்புத்தாள்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. சொந்தப் பெயரைவிட அது எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கிதார் வாத்தியார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் சொல்லும். வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்துவார். அந்த அறையின் நல்ல நாற்காலி அவருக்கு. சுமாரான நாற்காலிகள் பிள்ளைகளுக்கு. வகுப்பு நேரத்தில் நான் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். சங்கீதம் கெட்டுவிடும் என்பார். குக்கர் விசில்கூட அவருக்கு ஒத்துவராது. இரண்டாவது விசில் வருவதற்குள் நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பருப்பு ஒழுங்காக வெந்ததில்லை.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குடி கிடையாது. கையை ஓங்கினது கிடையாது. மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு கொஞ்சுவார். ஆனால் என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், "அவளா? ஏதோ தேச்சுக்கிட்டிருக்கா," என்பார். செக்‌ஷன் பொறுப்பு எனக்குக் கிடைத்த அன்று ஓடிவந்து சொன்னேன். "தேய்க்கிறதுக்கெல்லாமா ஒரு தலைவி போடுவாங்க?" என்று கேட்டார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

மேடையில் ஒரு ஜோக் வைத்திருந்தார். பள்ளிக்கூட விழா, மன்ற விழா, எங்கே வாசித்தாலும் இரண்டாவது பாட்டுக்கு முன்னால் அது வந்துவிடும். "எங்க வீட்டுலயும் இன்னொரு வாத்தியம் இருக்குங்க. அதுல ஒரே ஒரு சுரம்தான். ர்ர்ர்ர்ர்... வாசிக்கிறது என் சம்சாரம்." கூட்டம் சிரிக்கும். மூன்றாவது வரிசையில் கிதார் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன். அதுதான் காரணம் என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஜோக்குக்காக யாராவது பலகையைத் தேய்ப்பார்களா?

மூன்று வருடத்துக்கு முன்னால் அவரே ஒருநாள் கிதாரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மேல்பலகை முழுக்க நகக் கீறல். கீறல் விழாமல் ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டுவார்கள் அல்லவா, அது அழகைக் கெடுக்கிறது என்று வாங்கின புதிதிலேயே பிய்த்துப் போட்டுவிட்டார்.

"இந்தக் கீறலெல்லாம் எடுத்துட்டுப் புதுசா பாலிஷ் போட்டுக் குடேன். நீதான் தேய்ப்பியே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். முதல் தடவையாக அவர் பொருள் என் கைக்கு வருகிறது. ஃபேக்டரி மெஷின்கள் எல்லாம் கனமானவை, கிதாருக்கு ஆகாது. அதற்காகவே சொந்தமாக ஒன்று வாங்கப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "சார் வரலையா மேடம்?" என்றார்.

"சாருக்கு இல்ல. எனக்குத்தான்."

"லேடீஸுக்குன்னா இது பாருங்க. கலர் நல்லாருக்கும்."

"அடித்தட்டு வட்டமா இருக்கே. மூலைக்குப் போகாது. சதுரத்துல காட்டுங்க. வேகம் கூட்டிக் குறைக்கிற மாதிரி. அடியில இருக்கிற மெத்தை அழுத்தினா கொஞ்சம் உள்ள போகணும்."

அவர் முகம் மாறியது. ஏழெட்டுப் பெட்டிகளைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, அவருடைய பில் புத்தகத்தின் பின் அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆறாவது மெஷினில் கையெழுத்து என்னுடையதாக வந்தது. தூசிப்பை இறுக்கமாக உட்காருகிறதா, தாளில் இருக்கிற ஓட்டைகளும் மெஷினில் இருக்கிற ஓட்டைகளும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்தேன். வராவிட்டால் தூசி வெளியேறாமல் தாளுக்கு அடியிலேயே சுற்றி மரத்தில் சுருள் சுருளாகக் கீறிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. பேசுவதற்கு ஆள் கிடைத்தால் சொல்லிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்கட்டில் உட்கார்ந்தேன். கம்பியைக் கழற்றி, மேல்பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டேன். தேய்க்கத் தேய்க்கக் கோடு மறையும். ஒரு இடத்தில் கோடு இருந்து இன்னொரு இடத்தில் போய்விட்டால் கை சமமாகப் போகவில்லை என்று அர்த்தம். மெஷினை அழுத்தவே கூடாது. அதன் எடையே போதும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போவதுதான். நூற்றிருபதாம் நம்பர் தாள், நூற்றெண்பது, இருநூற்று நாற்பது. கம்பி முடிகிற கட்டைக்குப் பக்கத்தில் மெஷின் போகாது, அங்கே ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றிக் கையால். பிறகு அரக்குப் பாலிஷ், எட்டு கை பூசினேன். கம்பி மாட்டி முன்னறையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் ஒரு தட்டுத் தட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தட்டு.

அதற்கு முன்னால் அந்தக் கிதார் கொஞ்சம் மூக்கடைத்தாற்போலத்தான் பேசும். இப்போது தொண்டையைத் திறந்துகொண்டு பாடியது. சமையலறையில் நின்ற எனக்கே நெஞ்சுக்குள் போய் அடித்தது. பலகை கொஞ்சம் மெலிந்தால் அப்படி ஆகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாது. அந்த முதல் தடவை நான் செய்தது சத்தியமாகக் கீறல் எடுத்தது மட்டும்தான்.

அடுத்த மாதம் மன்ற விழா. முதல் பாட்டு முடிந்து வெகுநேரம் கைத்தட்டு அடங்கவில்லை. ஒருவர் எழுந்து நின்றே கேட்டார். "மாஸ்டர், சவுண்டு புதுசா இருக்கே, கிதாரை மாத்திட்டீங்களா?"

மூன்றாவது வரிசையில் நான் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். எழுந்து நிற்க வேண்டியிருக்குமோ என்று புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் புன்னகைத்தார். "கிதார் அதேதாங்க. முப்பது வருஷம் வாசிச்சா மரம் கையோட பேச ஆரம்பிச்சிரும். என் கை இப்பத்தான் பழுத்திருக்கு."

அப்புறம் அந்த வாத்திய ஜோக்கைச் சொன்னார். ர்ர்ர்ர்ர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். எல்லாம் சரியாகிப் போயிருக்கும். எனக்கு வந்தது ஒரு சந்தேகம் மட்டும்தான். கை பழுத்ததா, பலகை மெலிந்ததா? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஃபேக்டரியிலும் ஒரு பாலிஷ் ஏன் மங்கியது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவருக்கோ கீறல் இல்லாத கிதார் பழகிவிட்டது. நாலு மாதத்துக்கு ஒரு தடவை, "கொஞ்சம் பளபளன்னு பண்ணிக் குடு," என்று நீட்டிவிடுவார். நான் ஒவ்வொரு தடவையும் நடுத்துளையின் விளிம்பில் காலிப்பர் வைத்துப் பலகையின் கனத்தை அளந்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதலாக எடுத்தேன். அவர் இன்னும் நன்றாக வாசித்தார். மூன்றாவது தடவை இன்னும் நன்றாக. பேப்பரில்கூடப் படம் வந்தது. கை பழுத்த கதையைப் பேப்பர்காரரிடமும் சொன்னார்.

நாலாவது தடவைக்குப் பிறகு கிதார் பேச்சை மாற்றிக்கொண்டது. அடிக்கம்பி காலி டின்னைத் தட்டின மாதிரி முழங்கியது. நடுவில் ஒரு சுரம் பிறந்த உடனே செத்துப்போகும். ஆறு கம்பியின் இழுவையும் தாங்க முடியாமல் பலகை கட்டைக்குப் பின்னால் லேசாக வயிறு தள்ளியது. கம்பி உயர்ந்தது. கழுத்தின் மேல்பக்கம் வாசித்தால் சுரம் மயிரிழை தப்பும். அவர் முறுக்கி முறுக்கிச் சரிசெய்வார். கீழே சரியாக இருக்கும், மேலே போனால் மறுபடி தப்பும்.

பலகையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்திருந்தால் அவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அவர் பலகையை என்றைக்குப் பார்த்தார்? பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது. அதைத்தான் பார்த்தார்.

ஒருநாள் காலை, வகுப்புப் பிள்ளைகள் போன பிறகு, சமையலறைக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம்.

"ஏம்மா, குக்கர் விசில் உனக்கு எப்பவும் போலத்தான் கேக்குதா?"

"ஏங்க?"

"எனக்கு என்னமோ எல்லாம் கொஞ்சம் மேல கேக்குது. சுரம் நிக்க மாட்டேங்குது."

"காதைக் காட்டிடுவோமே," என்றேன். நானே டாக்டரிடம் நேரம் வாங்கினேன். நானே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "ஐம்பது வயசுக்கு இது நார்மல்தான். கீச்சுச் சத்தம் மட்டும் லேசா குறைஞ்சிருக்கு."

"சுரம் தப்பாக் கேக்குமா இதனால?" என்றார் இவர்.

"அப்படி வழக்கமா ஆகாது. வீட்ல சத்தமான சூழ்நிலை ஏதாவது உண்டா?"

இவர் என்னைப் பார்த்தார். "இவ ஒரு மெஷின் வச்சிருக்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "டிவியக்கூட இப்பல்லாம் சத்தமாத்தான் வைக்கிறாரு டாக்டர்," என்றேன். அது பொய்யில்லை. அவர் சத்தமாகத்தான் வைப்பார். இருபத்திரண்டு வருடமாகவே சத்தமாகத்தான் வைப்பார். அது டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

"எதுக்கும் காதைப் பத்திரமா வச்சுக்கோங்க," என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கும்போது நான் மெஷினை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். புருஷன்மேல் எவ்வளவு அக்கறை பார் என்று பக்கத்து வீட்டு அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுக்க அவர் வெளியே போகும் நேரமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழாவது பாலிஷுக்குப் பிறகு வந்தது அந்தப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. மத்தியான நிகழ்ச்சி. முதல் பாட்டு தட்டுத்தடுமாறி முடிந்தது. இரண்டாவதுக்கு முன்னால் ஜோக். கூட்டம் சிரித்தது. வாசிக்க ஆரம்பித்தார். நிறுத்தினார். முறுக்கினார். ஆரம்பித்தார். நிறுத்தினார். முன்வரிசையில் அவரிடம் படிக்கிற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை நிறுத்தியபோது அவர் நெற்றி வேர்வை சொட்டிப் பலகையில் விழுந்தது.

"மன்னிக்கணும். காது இன்னிக்குச் சரியில்ல," என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். நேரே மூன்றாவது வரிசைக்கு வந்து கிதாரை என்னிடம் கொடுத்தார். சின்னப் பையன் உடைந்த பொம்மையைக் கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாலு நிறுத்தம் தாண்டியது. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் காது போயிடுச்சாடி?"

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க," என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்தான். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் பஸ்ஸில் நல்ல கூட்டம். அதோடு அவர் என் கையைப் பிடித்திருந்தார். கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை பிடித்தது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான். இறங்கும்வரை விடவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். முன்னறையில் இப்போது சாதாரணமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம். குக்கர் ஆறு விசில் வருகிறது. அவர் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் எத்தனை நாள் சுவரைப் பார்ப்பார்? முதலாளியிடம் நான்தான் பேசினேன். செக்‌ஷனில் ஒரு கை குறைவாக இருந்தது.

முதல் நாள் மெஷினை எருமையை அமுக்குகிற மாதிரி அமுக்கினார். "அமுக்காதீங்க. அது எடையே போதும்," என்று பின்னால் நின்று அவர் கைமேல் கைவைத்து ஓட்டிக் காண்பித்தேன். பென்சில் கோடு போடக் கற்றுக்கொடுத்தேன். காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால், இருக்கிறதிலேயே உயர்ந்த காதுமூடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் தடித்த மெத்தை. போட்டுக்கொண்டால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. மற்றவர்கள் பஞ்சுதான் வைத்திருக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் கை படிந்துவிட்டது. விரல் நுனியில் உணர்ச்சி உள்ளவர் அல்லவா, பிசிறை உடனே கண்டுபிடித்துவிடுகிறார். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். ஒருநாள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "இது இவ்ளோ நுணுக்கமான வேலைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். செக்‌ஷன் ஆட்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. உப்புத்தாள் அக்கா வீட்டுக்காரர் என்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கிறார்.

எங்கள் குடும்பம் இவ்வளவு நிம்மதியாக எப்போதுமே இருந்ததில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நடுவில் மகள் வந்தாள். வெளியூரில் வேலை பார்க்கிறவள். அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்பது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் கிதாரை எடுத்து, போனில் ஏதோ ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகத் தட்டினாள்.

"அம்மா, அப்பா காது தப்பே இல்ல. கிதார்தான் தப்பு. இங்க பாரு, மேல போகப் போகத் தப்பாக் காட்டுது."

"பழைய மரம்டி. விட்டுடு," என்றேன்.

"விடறதா? அப்பாகிட்டச் சொல்லாத. சரி பண்ணிக் கொண்டாந்து அவர் மடியில வைக்கப் போறேன்."

அப்படித்தான் அது உங்கள் பட்டறைக்கு வந்தது. நான் தடுக்கவில்லை. தடுத்தால் சந்தேகப்படுவாள் என்பது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரிந்த ஒருவர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கும். இரண்டே முக்காலிலிருந்து ஒன்றரைக்கு, ஒரு இடத்தில்கூட ஓட்டை விழாமல், கட்டையைச் சுற்றிப் படி தெரியாமல் சரிவாக இறக்கிக் கொண்டுவருவது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை.

நீங்கள் போனில் இன்னொன்றும் கேட்டீர்கள். "எத்தனை தடவைம்மா?" நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒன்பது தடவை.

ஏழு தடவை அவராகக் கொண்டுவந்து கொடுத்தது. எட்டாவதும் ஒன்பதாவதும் அவர் கொடுக்கவில்லை. விழாவுக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், கம்பியைத் தளர்த்தித் தாழ்ந்த சுருதியில் வைத்து, மெதுவாக ஒரு பழைய பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். தளர்த்தினால் பலகை மேல் இழுவை குறையும் அல்லவா. சுரம் நின்றது. நன்றாகவே இருந்தது. "இந்தா, கேளேன், இப்படி வச்சா வருது," என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். "நல்லாருக்குங்க," என்றேன். அவர் வெளியே கிளம்பியதும் பின்கட்டில் உட்கார்ந்து எட்டாவது தடவை தேய்த்தேன். ஒன்பதாவது, அதுவே போதாமல் போனால் என்ன செய்வது என்பதற்காக. அவர் ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம்.

உங்களுக்குக் கேட்கத் தோன்றும், இதைச் செய்தது பழிவாங்கவா என்று. யோசித்துப் பார்த்தேன். இல்லை. சந்தேகம் தீர வேண்டும் என்று ஆரம்பித்தது. பிறகு வேலை நன்றாக வந்துகொண்டிருந்தது. நன்றாக வருகிற வேலையைப் பாதியில் விட எனக்கு மனசு வராது.

புதுப் பலகை ஒட்டினால் கிதார் பழையபடி பாடும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் செய்வீர்கள், கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டேன். நான் தடுக்கவில்லை. மகள் கேட்டால் பழைய மரம் என்று மட்டும் சொல்லுங்கள். வயசான மனுஷனை அந்தக் கிதாரைக் கொடுத்து மறுபடி மேடைக்கு விரட்ட வேண்டுமா என்றும் கொஞ்சம் யோசியுங்கள். இப்போதுதான் அவருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

மற்றபடி உங்கள் கெடுவை நான் மதித்துவிட்டேன். நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொல்லிவிட்டேன். பெரிய மேசை ஒன்று வந்திருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தேய்த்துக்கொண்டிருந்தோம். என் மெஷினை ஓடவிட்டபடியே, அவர் முகத்தைப் பார்த்து, முதல் பாலிஷிலிருந்து ஒன்பதாவதுவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். டாக்டரம்மாவிடம் சொன்னது, பஸ்ஸில் சொன்னது, எல்லாம். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கண்ணில் தண்ணீர் வந்ததைத் தூசி என்று துடைத்துக்கொண்டேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முடித்த பிறகு கட்டை விரலை உயர்த்திக் காட்டி, பென்சில் கோடு மறைந்த இடத்தைக் கையால் தட்டி, "சரியா வந்திருக்கா?" என்று கத்திக் கேட்டார். காதுமூடியைப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள்.

நான் தலையாட்டினேன்.

ஆக, அவரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. இனி அதை நீங்கள் வேறு தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.